பூச்சுக்கு விட்ட அரை அங்குலம்

அத்தியாயம் பதினான்கு

பதினான்கு மாதமாக ஒருவர் தன் வீட்டைக் கட்டுகிறார், கட்டுகிறார், கட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்து மனைக்கு இன்று காலை ஒரு வீடு லாரியில் வருகிறது. சாயங்காலம் விளக்குப் போட்டு உட்காரலாமாம். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எரியாது என்பவர்கள் ஒன்று ஞானிகள், இல்லை கூடப்பிறந்த தம்பி இல்லாதவர்கள். நம் மேஸ்திரி இரண்டு கணக்கிலும் சேர்த்தியில்லை.

ஊரில் பாதி வீடு அவர் கை பட்டு எழும்பியதுதான். இருபத்தைந்து வருடமாகக் கொத்துக்கரண்டி பிடிக்கிறார். ஆனால் ஊரார் வேலை முடிந்து மிச்சமிருக்கும் நேரம்தான் சொந்த வீட்டுக்கு. மழை வந்தால் வேலை நிற்கும், மணல் வராவிட்டால் நிற்கும், தச்சர் கோபித்துக்கொண்டால் ஒரு மாதம் நிற்கும். இப்படி நின்று நின்று கூரை வரைக்கும் வந்து, பூச்சு பாதியில் தொங்குகிறது.

பக்கத்து மனை தம்பியுடையதுதான். அவன் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களிலெல்லாம் லிப்ட் ஓடுவது அவன் தயவில். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், இவர்களுடைய அப்பா குடியிருக்கும் பழைய கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இரண்டாவது மாடி, முப்பத்தெட்டுப் படி. பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு சக்கர நாற்காலிக்கு வந்து எட்டு மாதமாகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்வது மேஸ்திரியும் அவர் மனைவியும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மேஸ்திரி அப்பாவை முதுகில் சுமந்து முப்பத்தெட்டுப் படியும் இறங்குவார், ஏறுவார்.

அந்த அப்பாதான் நாலு நாளுக்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"யார் வீடு முதல்ல தயாராகுதோ, அங்க போறேன்டா. படி இல்லாம இருந்தா போதும். நானே வண்டிய உருட்டிக்கிட்டு வாசலுக்குப் போய் நாலு மனுஷங்க மூஞ்சியப் பாக்கணும்."

மேஸ்திரி கையிலிருந்த டீ கிளாஸ் ஆடியதோடு போன வாரம் நாம் அவரை விட்டுவிட்டு வந்தோம். ஆடியதற்கு அந்த வார்த்தை மட்டும் காரணம் இல்லை. அது என்னவென்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

*

காலை எட்டு மணிக்கு முதல் லாரி தெருமுனையில் திரும்பியது. அதன் முதுகில் ஜன்னல், கதவு, வாசல் விளக்கு எல்லாவற்றோடும் ஒரு வீடு உட்கார்ந்திருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணா! வந்துடுச்சுண்ணா! பாத்தியா?" என்று தம்பி ஓடி வந்தான்.

ஊருக்கெல்லாம் அவர் மேஸ்திரி. பெண்டாட்டிகூட வெளியாட்களிடம் மேஸ்திரி என்றுதான் சொல்லுவாள். தம்பி ஒருவனுக்குத்தான் அவர் அண்ணா. அதுவும் 'நீ வா, நீ போ' அண்ணா.

"பாத்தேன், பாத்தேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் மேஸ்திரி.

தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஓர் இன்ஜினியர் பெண் இறங்கினாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். விசில் அடித்தாள், கையைக் காட்டினாள். கிரேன்காரர் வீட்டைப் பூனைக்குட்டியைத் தூக்குவது மாதிரி அலுங்காமல் தூக்கினார்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். சுவர், கூரை, குழாய், ஒயர் எல்லாம் அங்கேயே பொருத்தி, பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். இங்கே அஸ்திவாரம் தயாராக இருந்தால் போதும். அஸ்திவாரத்தில் போல்ட்டுகள் நட்டுக்கொண்டு நிற்கும். பெட்டிக்கு அடியில் இரும்புச் சட்டமும், சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கும். போல்ட் மேல் ஓட்டை வந்து உட்கார்ந்தால் வீடு உட்கார்ந்துவிட்டது.

அஸ்திவாரம் போட்டது யார் என்கிறீர்கள்? நம் மேஸ்திரியேதான். "உன் கை படாம என் வீடு நிக்க வேணாம்ண்ணா" என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

பெரிய பெட்டி இறங்கியது. கூடம், சமையலறை, படுக்கையறை. போல்ட் ஒவ்வொன்றும் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி ஓட்டையில் நுழைந்தது. மொத்தம் நாற்பது நிமிஷம்.

மேஸ்திரியின் கூடத்துச் சுவர் எழும்ப நாற்பது நாள் ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காதது மாதிரி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சும்மா இருக்க முடிகிறதா? போய்ச் சுவரைத் தட்டினார்.

"டொக்கு டொக்குன்னு கேக்குதே. சுவரா இது, பிஸ்கட் டப்பாவா?"

இன்ஜினியர் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மூணு அடுக்கு சார். நடுவுல இருக்கிறது வெயிலையும் குளிரையும் உள்ள விடாது. கூரைக்கு அடியில வச்சுச் செய்யறோம், அதனால மழைன்னு ஒரு நாள்கூட வேலை நிக்காது. எந்த மரமும் நனையாது. நீங்க இங்க அஸ்திவாரம் போட்டுட்டு இருந்த அதே நாள்ல நாங்க அங்க சுவர் நிறுத்திட்டு இருந்தோம். ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ணு காத்திருக்க வேண்டியதில்ல."

"கழிவுகூடப் பாருண்ணா" என்று தம்பி சந்தோஷத்தில் எண்ணெய் ஊற்றினான். "ஒரே ஒரு மூட்டை. அவ்வளவுதான் குப்பை!"

மேஸ்திரியின் கண் அவரையும் மீறித் தன் வாசலுக்குப் போனது. உடைந்த செங்கல், கெட்டிதட்டிப்போன சிமென்ட், ஆணி பிடுங்கிய பலகை எல்லாம் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இத்தனை நாளும் அந்தக் குவியல் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

*

உள்ளே இரண்டு மருமகள்களும் நின்றார்கள்.

மேஸ்திரியின் மனைவி தையற்காரி. தெருவுக்கே சட்டை தைத்துக் கொடுப்பவள். அவளுக்கும் மனசு நன்றாக இல்லை. ஆனால் கை மட்டும் சமையல் மேடையைத் தடவுவதை நிறுத்தமாட்டேன் என்றது. தடவுவது தெரியக்கூடாது என்று தூசி தட்டுவதாக நடித்தாள்.

"ஸ்விட்ச் எல்லாம்கூட மாட்டியே அனுப்பிட்டாங்களா?"

"ஆமாக்கா! குழாயத் திருகினா தண்ணி வரும்" என்றாள் ஓரகத்தி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் சுபாவம். "பக்கத்து வீட்டுச் சத்தம்கூட உள்ள கேக்காதாம்."

"பக்கத்து வீடுன்னா நாங்கதானே?"

ஓரகத்திக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயோ, நான் அதைச் சொல்லலக்கா."

"சொன்னா என்ன? நாங்க இன்னும் ஆறு மாசம் டமால் டுமீல்னு இடிச்சுட்டுத்தானே இருப்போம். காதுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுத் தையற்காரி வெளியே வந்தாள். வந்த வேகத்தில் புருஷன் காதைக் கடித்தாள்.

"பொம்மை வீடுங்க இது. ஒரு காத்தடிச்சா பறந்துடும்."

"பறக்காது. அஸ்திவாரம் நான் போட்டது" என்றார் அவர்.

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வார்த்தை அவரையே குத்தியது. ஏனென்றால் இரண்டாவது லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, மேலே இருந்த சின்னப் பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் "அடடா" என்றார்கள்.

*

அந்தச் சின்னப் பெட்டிதான் அப்பாவின் அறை.

தம்பி முதலில் வாங்கியது பெரிய பெட்டி மட்டும்தான். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் திடீரென்று, "அப்பாவுக்கு ஒரு அறையும் குளியலறையும் தனியாச் சேத்துட்டேன்ண்ணா" என்று வந்து நின்றான். பெரிய பெட்டிக்குத் தொழிற்சாலையிலிருந்தே இரும்பில் அச்சு அனுப்பியிருந்தார்கள். அச்சை வைத்து அதன்படி போல்ட் நட்டால் தப்பு வர வழியே இல்லை. பிறகு சேர்த்த பெட்டிக்கு வரைபடம் மட்டும்தான் வந்தது. மேஸ்திரி நூல் பிடித்து, டேப் வைத்து நட்டார்.

நட்டு முடித்து, கான்கிரீட் இறுகி, திங்கட்கிழமை காலையில் தண்ணீர் விடப் போனவர் எதற்கோ டேப்பை வைத்துப் பார்த்தார். அகலத்தில் ஓர் அங்குலம் கூட இருந்தது.

அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. செங்கல் வைத்துக் கட்டும் எந்த மேஸ்திரிக்கும் புரியும். வரைபடத்தில் உள்ளது பூச்சு முடிந்த பிறகு நிற்க வேண்டிய அளவு. அதனால் நூல் பிடிக்கும்போதே பூச்சுக்கென்று பக்கத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் கை அப்படித்தான் பிடிக்கிறது. அன்றைக்கும் பிடித்துவிட்டது. இந்த வீட்டுக்குப் பூச்சு என்பதே கிடையாது என்று தலைக்குத் தெரியும், கைக்கு யார் சொன்னார்கள்?

தப்பு அதுவல்ல. யாருக்கும் வரக்கூடிய தப்பு. அன்றே தம்பிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அரை நாள் வேலையில் சரி பண்ணியிருக்கலாம்.

போனைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அவருடைய வீட்டு முன்னறை கண்ணில் பட்டது. அப்பாவுக்கென்று அவர் ஒதுக்கிய அறை. சக்கர நாற்காலி தாராளமாக நுழையட்டும் என்று நிலையை இரண்டு தடவை இடித்து அகலப்படுத்திய அறை. எட்டு மாதமாக அப்பாவைக் குளிப்பாட்டியது யார், முதுகில் தூக்கியது யார்? நாலு நாளில் லாரியில் வரும் ஒரு பெட்டி அவரைக் கொண்டுபோய்விடுமா?

மேஸ்திரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்சம் இடம் விட்டுத்தானே ஓட்டை போட்டிருப்பார்கள், உட்கார்ந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டேப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னது. இப்போது தெரிகிறதா, டீ கிளாஸ் ஏன் ஆடியது என்று?

*

சின்னப் பெட்டி உட்காரவில்லை.

ஒரு பக்கத்துப் போல்ட்டுக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தால் மறுபக்கம் ஏறிக்கொண்டது. மறுபக்கத்தைப் பிடித்தால் இந்தப் பக்கம் ஏறியது. மூன்று தடவை தூக்கி மூன்று தடவை இறக்கினார்கள். தெருவில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

இன்ஜினியர் பெண் விசிலை எடுத்தாள். "பெட்டியை லாரியிலேயே வைங்க. நான் போல்ட்டை அளக்கணும்."

"எங்க அண்ணன் அளவையா?" என்றான் தம்பி. "மேடம், இந்த ஊர்ல போய்க் கேட்டுப் பாருங்க. சூரியன் வேணா ஒரு நாள் தப்பா உதிக்கும், எங்க அண்ணன் நூல் தப்பாது. வரும்போது பள்ளத்துல இறங்கிச்சே, அப்போதான் சட்டம் முறுக்கிக்கிச்சு."

"முறுக்கியிருக்கலாம். ஆனா அளந்துடறேன்."

அவள் குனிந்து தன் டேப்பின் நுனியை ஒரு போல்ட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மறுமுனைக்கு ஆள் வேண்டும். அங்கே நின்றது மேஸ்திரி.

டேப் அவர் கைக்கு வந்தது. இழுத்தார். போல்ட்டுக்கு நேரே இரண்டாயிரத்து நானூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

"எவ்வளவு சார்?"

அவர் நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு."

சொல்லியாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்ஜினியர் பெண் தாளைப் பார்த்தாள். "சரியா இருக்கு. அப்போ சட்டம்தான்." எழுந்து லாரி டிரைவரைப் பார்த்தாள். "பள்ளத்துல எவ்வளவு வேகமா வந்தீங்க?"

டிரைவர் நரைத்த மீசைக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மெதுவாத்தாம்மா வந்தேன். பத்து வருஷமா ஏத்திட்டு வரேன், ஒரு கீறல் விழுந்ததில்ல."

"ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும். முறுக்கின பெட்டியை இறக்கக்கூடாது, அது கம்பெனி விதி. தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகட்டும்."

"திரும்பி எப்போ வரும்?" என்றான் தம்பி.

"பிரிச்சுப் பாக்கணும், வரிசையில முப்பது வீடு நிக்குது. மூணு மாசம் ஆகலாம்."

மூன்று மாதம்! மேஸ்திரியின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. பூச்சுக்கு ஒரு மாதம், தரைக்கு ஒரு மாதம், கதவு ஜன்னலுக்கு இருபது நாள். அப்பா அவர் வீட்டுக்குத்தான் வருவார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

பின்னால் வந்து நின்றாள் தையற்காரி. அளவு எடுப்பதே பிழைப்பாக உள்ளவள். மெல்லத்தான் சொன்னாள், ஆனாலும் அவர் சட்டென்று திரும்பினார்.

"டேப்பைப் பாக்காமலே படிச்சீங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு டேப்பைப் பாக்கத் தெரியும்" என்றாள். பிறகு டிரைவர் பக்கம் போய் அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள்.

*

தம்பி லாரிப் பக்கத்தில் நின்று சின்னப் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி அருகில் போனார். ஆறுதல் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காதே!

"விடுடா. மூணு மாசம்தானே. அதுவரைக்கும் அப்பா எங்கிட்ட இருப்பார்."

"எனக்கு அது பிரச்சனை இல்லண்ணா" என்றான் தம்பி. "உனக்கு ஒண்ணு காட்டலாம்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லணும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். எல்லாம் கெட்டுப்போச்சு."

"என்னது?"

"அந்தக் கதவைப் பாரு."

பெட்டியின் ஒரு பக்கத்தில் அகலமான கதவு இருந்தது. கதவுக்குக் கீழே சக்கர நாற்காலி இறங்குவதற்கென்று மடக்கி வைத்த சரிவுப் பலகை.

"வாசல் பக்கம்தானே கதவு இருக்கணும்? நான் உன் வீட்டுப் பக்கம் வைக்கச் சொன்னேன். அப்பா காலையில வண்டிய உருட்டினா நேரா உன் வாசல்ல நிக்கணும். அவருக்கு உன்னைப் பாக்காம ஒரு வேளை சாப்பாடு இறங்குமா? என் வீட்டுல வச்சுக்கிட்டு நான் அவர்கிட்டத் திட்டு வாங்கவா?"

மேஸ்திரி கதவையே பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்குண்ணா. அந்தப் பெட்டியை ஏன் தனியா வாங்கினேன்? பெரிய பெட்டியிலேயே ஒரு அறை கூடச் சேத்திருக்கலாமே? இதுக்கு அடியில மொத்தம் எட்டு போல்ட். கழட்டினா ஒரே நாள்ல தூக்கிடலாம். உன் வீடு முடிஞ்சதும் அறையை அப்படியே உன் சுவரோட ஒட்டி வச்சிடலாம்னு கேட்டேன், முடியும்னாங்க. செங்கல் வீட்டை அப்படித் தூக்க முடியுமா? அப்பா உங்கூடத்தான் இருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? உன் வீடு முடியற வரைக்கும் அவர் அந்த மாடியில அடைஞ்சு கிடக்க வேண்டாமேன்னுதான்."

பொறாமை என்பது பொல்லாத சாமான். எட்டு மாதம் உள்ளே வைத்து வளர்த்தவர், அது யார் மேல் என்று இன்றுதான் திரும்பிப் பார்த்தார். மனுஷன் அப்படியே கூனிக் குறுகிப் போனார்.

அங்கே இன்ஜினியர் பெண் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள். டிரைவர் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டார்.

"இருங்கம்மா" என்றார் மேஸ்திரி. குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "இருங்க! அந்த மனுஷனை விடுங்க. சட்டம் முறுக்கல. என் அளவுதான் தப்பு."

முதலில் தம்பிதான் சிரித்தான்.

"என்னண்ணா நீ! பெட்டி திரும்பிப் போகுதேன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியா? வேணாம்ண்ணா. என் வீட்டுக்காக உன் பேரு கெட வேணாம். போனா போகட்டும்."

இந்த இடத்தில் தம்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மேஸ்திரி தாங்கியிருப்பார். அவர் போய் டேப்பை எடுத்துவந்து அவன் கையில் திணித்தார்.

"நீயே பிடி. நீயே படி."

தம்பி குனிந்தான். படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"இருபத்தஞ்சு கூட இருக்கு."

"பூச்சுக்கு விட்டுட்டேன். பக்கத்துக்கு அரை அங்குலம். பழக்கம்."

தம்பி நிமிர்ந்தான். முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. "அட, இவ்வளவுதானா? இதுக்குப் போயி! இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை யாருக்கும் வரும்ண்ணா. மேடம், இதுன்னா இங்கேயே சரி பண்ணிடலாமா?"

"பண்ணலாம். போல்ட்டை அறுத்துட்டு, வெளிப்பக்கமாப் பிடிப்புத் தகடு வச்சுப் புதுசாத் துளை போடலாம். தகடு வண்டியில இருக்கு, மூணு மணி நேர வேலை." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மேஸ்திரியை நேராகப் பார்த்தாள். "ஆனா சார், முதல்ல அளந்தப்போ ரெண்டாயிரத்து நானூறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தம்பியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"சரியாப் பாத்திருக்க மாட்டே" என்றான். "இல்லண்ணா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த தையற்காரிகூட அந்த ஒரு நொடி, ஆட்டிவிடட்டுமே என்று நினைத்தாள்.

"பாத்தேன்" என்றார் மேஸ்திரி.

"எப்போ தெரியும் உனக்கு?"

"திங்கட்கிழமை."

தம்பி விரலைத் தளர்த்தினான். டேப் சரசரவென்று ஓடித் தன் டப்பாவுக்குள் சுருண்டுகொண்டது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அந்த நாலு நாளும் அவன் இந்த அண்ணன் வீட்டில்தான் சாயங்கால டீ குடித்தான். பெட்டி வரப்போகிற சந்தோஷத்தை இந்த அண்ணனிடம்தான் வாய் ஓயாமல் சொன்னான்.

"சரி" என்றான். டிரைவரிடம் போய், "மன்னிச்சுக்குங்க, உங்க மேல தப்பு இல்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

*

போல்ட்டுகளை மேஸ்திரியே அறுத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. துளை போட்டதும் அவர்தான், தகடு பிடித்ததும் அவர்தான். மழை நாலு துளி போட்டுவிட்டு விலகிக்கொண்டது. நாலு மணிக்குச் சின்னப் பெட்டி இறங்கியது. இந்தத் தடவை முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்து பெரிய பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது.

தெரு கலைந்தது. தையற்காரி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். ஓரகத்தி வாங்கிக்கொண்டாள், சிரிக்கவில்லை. காலையில் சொன்ன பொம்மை வீட்டுப் பேச்சைத் தையற்காரி விழுங்கிக்கொண்டு, "சுவர் நல்லா இருக்கு. உள்ள குளுகுளுன்னு இருக்கு" என்றாள். ஓரகத்தி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி அறுத்த போல்ட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எட்டுத் துண்டு. அவர் வாசல் குவியலில் போடலாமா, தம்பியின் ஒரே மூட்டையில் போடலாமா என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி."

யாரோ வேலையாள் கூப்பிடுகிறான் என்று நினைத்துத் திரும்பினார். தம்பி நின்றான். கையில் போன்.

"அப்பா பேசறார். ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கறார்." போனை நீட்டினான். கண் வேறெங்கோ இருந்தது. "நீங்களே சொல்லிடுங்க."

போனைக் கொடுத்துவிட்டு அவன் அப்பாவின் அறைக்குள் போய் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த கண்ணாடி.

மேஸ்திரி போல்ட்டுத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"பெரியவனே, வீடு உக்காந்துடுச்சாமே!" அப்பாவின் குரலில் எட்டு மாதமாக இல்லாத ஒரு துள்ளல் இருந்தது. "நாளைக்குக் காலையில வந்துடறேன். ஆனா ஒண்ணுடா. என்னைக் கீழ கொண்டுவர ஆஸ்பத்திரியிலேருந்து ஸ்ட்ரெச்சரோட ரெண்டு ஆளுக்குச் சொல்லியிருக்கேன்னு சின்னவன் சொல்றான். எனக்கு எதுக்குடா ஸ்ட்ரெச்சர், உன் முதுகு இருக்கும்போது? நீதானே வந்து தூக்குவே?"

உள்ளே கண்ணாடி துடைக்கும் சத்தம் நின்றது.

"பெரியவனே, கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றார் மேஸ்திரி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டப்புறம், யார் தூக்கணும்னு நீங்களே சொல்லுங்க."